கேன் தண்ணீர் பம்ப்பையும் கொஞ்சம் கழுவுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை தொடங்கினால் போதும், கேன் தண்ணீர் ஆலைகளில் உணவுப் பாதுகாப்புத் துறை சோதனை, உரிமம் இல்லாத ஆலைக்குச் சீல், அழுக்கு கேன்கள் பறிமுதல் என்று உங்கள் நாளிதழில் செய்தி வந்துவிடும். வர வேண்டிய செய்திதான், தொடர்ந்து போடுங்கள். ஆனால் ஆலையிலிருந்து நம் டம்ளர் வரைக்கும் தண்ணீர் வருகிற வழியில் கடைசியாக ஒரு சாமான் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதி நான் படித்ததில்லை. கேன் வாயில் சொருகி வைத்திருக்கிறோமே, அந்த பம்ப். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாம்பரம் பக்கம் மிக்ஸி, கிரைண்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். இப்போது சில வருடங்களாக கேன் தண்ணீர் பம்ப்களும் நிறைய வருகின்றன. கையால் அழுத்துகிற பழைய பம்ப், சார்ஜ் போட்டு பட்டனைத் தட்டினால் தண்ணீர் ஊற்றுகிற பம்ப், இரண்டும்தான். "தண்ணி மெதுவா வருது", "மோட்டார் ஓடுது, ஆனா தண்ணி ஏற மாட்டேங்குது" என்று கொண்டுவந்து வைப்பார்கள். பாதிக்கு மேல் மோட்டாரில் ஒரு குறையும் இருக்காது. கீழே தொங்குகிற டியூபைக் கழற்றி, நுனியில் இருந்து ஒரு விரல்கடை அளவுக்கு பிளேடால் நீளவாக்கில் கீறி விரித்துக் காட்டுவேன். உள்பக்கம் முழுக்க வழவழவென்று ஒரு படலம் ஒட்டிக்கொண்டிருக்கும். நகத்தால் சுரண்டினால் சளி மாதிரி திரண்டு வரும். ஜன்னல் ஓரம் கேன் வைக்கிற வீடாக இருந்தால் அது இளம்பச்சையாக இருக்கும், இருட்டான சமையலறை மூலையாக இருந்தால் பழுப்பாக, சில சமயம் லேசான ரோஸ் நிறத்தில்கூட இருக்கும். அதைப் பார்த்ததும் வந்தவர்கள் முகம் மாறிவிடும். "இதுலயா இத்தன நாளா குடிச்சோம்" என்று ஒரு அம்மா கேட்டார், அவர் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது. வாங்கும்போது யாரும் அவருக்குச் சொல்லவில்லை. பெட்டிக்குள் இருக்கிற தாளில் சீன எழுத்தும், பொடிப்பொடியாக ஆங்கிலமும்தான். எப்படிச் சார்ஜ் போடுவது என்று படம் இருக்கும், எப்படிக் கழுவுவது என்று நான் பார்த்த தாள் எதிலும் தமிழில் ஒரு வரி இல்லை. கேன் போடுகிற கடைக்காரர் பம்ப்பும் விற்கிறார், அவரும் சொல்வதில்லை, ஏனென்றால் அவருக்கும் யாரும் சொல்லவில்லை.

"நல்ல ஆலைத் தண்ணீர்தானே வாங்குகிறோம், சீல் பிரிக்காத கேன்தானே, அதில் எப்படி அழுக்கு வரும்?" இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், அதனால் இதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஆலையில் தண்ணீரை ஆர்.ஓ. சவ்வு வழியாகத் தள்ளுகிறார்கள், யு.வி. விளக்கு வெளிச்சத்தில் ஓட விடுகிறார்கள், கடைசியில் ஓசோன் வாயுவைக் கலக்கிறார்கள். ஒழுங்கான ஆலை என்றால் சீல் வைக்கும்போது தண்ணீர் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் யு.வி. வெளிச்சம் அந்த விளக்கோடு முடிந்துவிடும், ஓசோனும் தண்ணீரில் அதிக நேரம் தங்காது, சிதைந்து போய்விடும். நம் வீட்டில் சீலைப் பிரிக்கும்போது அந்தத் தண்ணீருக்குள் கிருமியைக் கொல்லுகிற பொருள் எதுவும் மிச்சம் இல்லை. மெட்ரோ வாட்டர் குழாய்த் தண்ணீரின் குளோரின் வாசனையை நாம் குறை சொல்கிறோம், ஆனால் அந்தக் குளோரின்தான் குழாயில் வருகிற வழி முழுக்கத் தண்ணீருக்குக் காவல். கிருமி நீக்கத்துக்குக் குளோரின் கலந்தால் கடைசி வீட்டிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்று இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 சொல்வது அதனால்தான். கேன் தண்ணீரில் அந்தக் காவல் கிடையாது. வெளியே இருந்து பத்துக் கிருமி உள்ளே விழுந்தால் தடுக்க ஆளில்லாமல் பெருகும், அதுவும் நம் ஊர் வெக்கையில்.

அந்தப் பத்துக் கிருமி எப்படி உள்ளே போகிறது? இதற்கு பம்ப் வேலை செய்கிற விதத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கையால் அழுத்துகிற பம்ப் தண்ணீரை உறிஞ்சுவதில்லை. மேலே இருக்கிற மூடியை அழுத்தும்போது காற்றை கேனுக்குள் தள்ளுகிறது, உள்ளே காற்றின் அழுத்தம் ஏறி, அந்த அழுத்தம் தண்ணீரை டியூப் வழியாக மேலே ஏற்றுகிறது. அதனால்தான் கேன் கழுத்தில் உட்கார்கிற ரப்பர் தளர்ந்துவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் தண்ணீர் வராது. அப்படியானால் ஒவ்வொரு டம்ளர் பிடிக்கும்போதும் நம் சமையலறைக் காற்று, தாளிக்கிற புகை, பெருக்கும்போது பறக்கிற தூசி எல்லாவற்றையும் நாமே கேனுக்குள் ஊதிக்கொண்டிருக்கிறோம். சார்ஜ் பம்ப் வேறு மாதிரி. அதன் தலைக்குள் மோட்டாரும், சின்ன ரப்பர் சவ்வும் வால்வுகளும் வைத்த ஒரு குட்டிப் பம்ப்பும் இருக்கும், நான் திறந்து பார்த்தவற்றில் பெரும்பாலும் இந்த வகைதான். அது தண்ணீரை நேராக உறிஞ்சி, தனக்குள் வழியே விட்டு, ஸ்டீல் மூக்கு வழியாக ஊற்றுகிறது. பட்டனை நிறுத்தியதும் உள்ளே இருக்கிற தண்ணீர் முழுக்கத் திரும்பி வடிந்துவிடாது. சவ்வு இருக்கும் அறையிலும் மூக்கு வளைவிலும் கொஞ்சம் தங்கிவிடும். இரவு முழுக்க அங்கேயே கிடந்த அந்தத் தண்ணீர்தான் காலையில் எழுந்ததும் நாம் பிடிக்கிற முதல் மடக்கு. அதைச் செடிக்கு ஊற்றிவிட்டு அடுத்த டம்ளரைக் குடியுங்கள் என்று நான் கடைக்கு வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன்.

இது தவிர கை. கேன் மாற்றும்போது என்ன நடக்கிறது என்று ஒருமுறை நின்று பாருங்கள். பழைய கேனில் இருந்து பம்ப்பை உருவுகிறோம், டியூப் சொட்டச் சொட்டத் தொங்குகிறது, வைக்க இடம் இல்லை. வாஷிங் மெஷின் மேலே வைப்போம், தரையில் சாய்த்து வைப்போம், தோளில் போட்டுக்கொள்வோம். கேன் கொண்டுவரும் தம்பி பல வீடுகளில் தானே பம்ப்பை உருவிப் புதுக் கேனில் சொருகிவிட்டுப் போகிறார், நல்ல மனசோடு செய்கிற உதவிதான் அது. இருபது லிட்டர் என்றால் இருபது கிலோவுக்கு மேல், அதைத் தோளில் வைத்து, லிப்ட் இருந்தும் அதில் ஏற்றாத கட்டிடங்களில் மூன்று மாடி ஏறி வருகிறார், அவரை நிறுத்திக் கை கழுவச் சொல்ல நமக்கே வாய் வராது. பம்ப் மாற்றுகிற வேலையை நாம் எடுத்துக்கொள்வதுதான் முறை. நாம் முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு மாற்றலாம், டியூபைக் கழுவின தட்டிலோ பாத்திரத்திலோ வைக்கலாம். இதற்கு ஒரு பைசா செலவில்லை.

கேனின் கழுத்தும் அப்படித்தான். ஆலையில் இருந்து லாரி, லாரியில் இருந்து கடை, கடை வாசலில் வெயிலும் புழுதியும், அப்புறம் மூன்று சக்கர வண்டி. உள்ளே தண்ணீர் சுத்தம், வெளியே கழுத்தில் தெருப் புழுதி. கை பம்ப்பிலும் சார்ஜ் பம்ப்பிலும் அந்தப் புழுதி டியூபோடு உரசி உள்ளே போகும் அளவுதான். கேனைக் கவிழ்த்து வைக்கிற ஸ்டாண்ட், மண் பானை, அலுவலகங்களில் இருக்கிற சூடு-குளிர் மெஷின் இவற்றில் நிலைமை இன்னும் மோசம். அங்கே கேனின் கழுத்து முழுசாகக் கீழே இருக்கிற தொட்டிக்குள் இறங்குகிறது, மெஷினைப் பொறுத்து தண்ணீரிலேயே முங்கியும் நிற்கும். வெளிப்பக்கம் துடைக்காமல் கவிழ்த்தால் தெருப் புழுதியைத் தண்ணீரில் ஊறப்போட்ட மாதிரிதான். சீலைப் பிரிக்கிறதுக்கு முன்னாலேயே கழுத்தையும் மூடியையும் சோப்புத் தண்ணீரில் நனைத்த சுத்தமான துணியால் துடைத்து, நல்ல தண்ணீரால் ஒருமுறை துடைத்துவிட்டு அப்புறம் திறக்க வேண்டும். இந்த வரிசை முக்கியம், திறந்த பிறகு துடைத்தால் அழுக்கு உள்ளேதான் விழும்.

சரி, டியூபுக்குள் வருகிற அந்த வழவழப்பு என்ன? அது சும்மா அழுக்கு இல்லை. தண்ணீரில் இருக்கிற நுண்ணுயிர்கள் சுவரில் ஒட்டி, தங்களைச் சுற்றி ஒரு பசையைச் சுரந்து, அதற்குள் கூட்டமாகக் குடியிருக்கின்றன. பாசி அதில் ஒரு பங்கு, வெளிச்சம் படுகிற இடத்தில் மட்டும் வளரும். பெரும்பாலானவை சாதாரண ஆரோக்கியம் உள்ளவர்களுக்குப் பெரிய கெடுதல் செய்யாதவை. ஆனால் சூடோமோனாஸ் ஏருஜினோசா என்று ஒன்று இருக்கிறது, ஈரமான குழாய், வாஷர் இடுக்கு என்றால் அதற்குக் கொண்டாட்டம். புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்த முதியவர்கள், பச்சைக் குழந்தைகள் இவர்களுக்கு அது ஆபத்து. கேன் தண்ணீருக்கான தரம் ஐ.எஸ். 14543, தண்ணீரில் அது இருக்கவே கூடாது என்று தனியாகச் சொல்கிறது. ஆலைக்கு இப்படிக் கறாராகச் சட்டம் இருக்கிறது, வீட்டு பம்ப்புக்கு எதுவும் இல்லை. கை கழுவாமல் டியூபைத் தொட்டால் வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை தருகிற கிருமிகளும் அதே வழியில் உள்ளே போக முடியும். வாசனையும் ருசியும் மாறினால்தான் கெட்டுப்போச்சு என்று நினைக்கிறோம், அதுவரைக்கும் காத்திருக்கக் கூடாது, படலம் நன்றாகப் பிடித்த டியூபில் இருந்து வருகிற தண்ணீர்கூட குடிக்க நன்றாகத்தான் இருக்கும்.

இந்தப் படலத்தின் மேல் நேராக மருந்தை ஊற்றினால் மேல் அடுக்கு மட்டும் சாகும், பசைக்குள் இருப்பது தப்பித்து நாலு நாளில் திரும்ப வளரும். அதனால் முதலில் தேய்க்க வேண்டும், அப்புறம்தான் மருந்து. இதைத்தான் பலரும் மாற்றிச் செய்கிறார்கள், இல்லையென்றால் மருந்து மட்டும் போட்டுவிட்டு முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள்.

இனிமேல் சொல்வதை வீட்டில் அப்படியே செய்யலாம், எல்லாம் நான் கடையில் செய்கிற வேலைதான். டியூபையும் ஸ்டீல் மூக்கையும் பம்ப்பில் இருந்து கழற்றுங்கள், இரண்டுமே திருகி இழுத்தால் வந்துவிடும். மூக்கு உட்காருகிற இடத்தில் ஒரு சின்ன ரப்பர் வளையம் இருக்கும், அதையும் ஊக்கு முனையால் மெதுவாகக் கிளப்பி எடுங்கள். அந்த வளையத்துக்கு அடியில்தான் கறுப்பாக ஒரு கோடு ஓடும், வெளியே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவுகிற சோப்புத் திரவம் இரண்டு சொட்டு விட்டு, ஸ்ட்ரா கழுவுகிற நீளமான மெல்லிய பிரஷால் டியூபை இரண்டு பக்கமும் இருந்து தேய்க்க வேண்டும். பிரஷ் இல்லையா, ஒரு சின்ன நட்டில் தடிமனான நூலைக் கட்டி டியூபுக்குள் இறக்கி மறுபக்கம் எடுங்கள், நூலின் இந்த முனையில் ஒரு துணித் துண்டை இறுக்கிக் கட்டி இழுத்தால் படலம் முழுக்கத் துணியில் வந்துவிடும். இரண்டு மூன்று முறை இழுங்கள், துணி வெள்ளையாக வருகிற வரைக்கும். சபீனா மாதிரிப் பொடி, ஸ்டீல் கம்பிச் சுருள் இரண்டும் வேண்டாம், கீறல் விழுந்தால் அடுத்த படலம் அந்தக் கீறலில்தான் முதலில் பிடிக்கும்.

அப்புறம் மருந்து. சர்ஜிகல் பொருள் விற்கிற கடைகளில் சோடியம் ஹைப்போகுளோரைட் 5 சதவீதக் கரைசல் கிடைக்கும். வாசனை, நிறம், நுரை எதுவும் சேர்க்காதது வேண்டும், கழிப்பறை கழுவுகிற திரவங்களைத் தொடவே தொடாதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, அதாவது ஒரு டீஸ்பூன் போதும். பாட்டிலில் 10 சதவீதம் என்று போட்டிருந்தால் அரை டீஸ்பூன். இந்தத் திரவம் வெயிலிலும் சூட்டிலும் வீரியம் இழந்துவிடும், போன வருடப் பாட்டிலை நம்ப வேண்டாம், சின்னப் பாட்டிலாக வாங்கி இருட்டில், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பிளீச்சிங் பவுடர் வீட்டில் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். தரைத்தொட்டிக்கு அது சரி, பம்ப்புக்கு வேண்டாம், அதில் இருக்கிற சுண்ணாம்பு வண்டல் சின்ன வால்வுகளில் போய் அடைத்துக்கொள்ளும்.

சார்ஜ் பம்ப்பில் டியூபை மாட்டி, டியூப் நுனியை இந்தத் தண்ணீர் இருக்கிற பாத்திரத்தில் விட்டு, மூக்கு வழியாக வருகிற வரைக்கும் ஓட்டி நிறுத்துங்கள். பத்து நிமிடம் உள்ளே அப்படியே நிற்கட்டும். பிறகு மிச்சத் தண்ணீரையும் ஓட்டித் தீர்த்துவிட்டு, குடிக்கிற தண்ணீர் இரண்டு மூன்று லிட்டர் வைத்து, குளோரின் வாசனை போகிற வரைக்கும் ஓட்டுங்கள். கை பம்ப் என்றால் பாத்திரத்தில் வேலை செய்யாது, அதற்குக் காற்று கசியாமல் மூடுகிற கேன் வேண்டும். காலி கேன் ஒன்றைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் அதிலேயே இரண்டு லிட்டர் கரைசலை ஊற்றி, பம்ப்பை மாட்டி அழுத்தி வெளியே எடுங்கள். பத்து நிமிடம் கழித்துக் கேனையும் பம்ப்பையும் நல்ல தண்ணீரில் அலசிவிட்டுக் கேனைக் கொடுங்கள். மேலே அழுத்துகிற மூடிக்குள் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், போய்விட்டால் கழற்றி நிழலில் காய வையுங்கள். ராத்திரி முழுக்க ஊற வைத்தால் இன்னும் சுத்தமாகும் என்று நினைக்காதீர்கள், குளோரின் ஸ்டீல் மூக்கைப் பொட்டுப் பொட்டாக அரித்துவிடும்.

இதில் உயிர் போகிற விஷயம் ஒன்று இருக்கிறது, அதை அழுத்திச் சொல்கிறேன். மேலே சொன்ன சோடியம் ஹைப்போகுளோரைட், சுருக்கமாக ஹைப்போ, அந்தக் கரைசலோடு வினிகர், எலுமிச்சைச் சாறு, சிட்ரிக் ஆசிட், வேறு எந்த அமிலத்தையும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடின சமையலறையில் அது நுரையீரலை எரித்துவிடும். போரிங் தண்ணீரைப் பிடித்து கேனில் ஊற்றிக் குடிக்கிற வீடுகளில் மூக்கிலும் டியூபிலும் வெள்ளையாக உப்புப் படியும், அதற்கு வினிகர் நல்லதுதான். ஆனால் அதை வேறொரு நாள் செய்யுங்கள், செய்துவிட்டு நன்றாக அலசுங்கள். ஆர்.ஓ. கேன் தண்ணீர் மட்டும் குடிக்கிற வீட்டில் உப்புப் படிவு அவ்வளவாக வராது.

சார்ஜ் பம்ப்பின் தலையைத் தண்ணீரில் முக்கக் கூடாது, குழாய்க்கு அடியில் காட்டக் கூடாது, கொதிக்கிற தண்ணீர் கூடவே கூடாது. உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது. ஈரத் துணியால் துடைத்து, சார்ஜ் போடுகிற துளை நன்றாகக் காய்ந்த பிறகு வயரை மாட்டுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்றால், ஒவ்வொரு கேன் மாற்றும்போதும் டியூபையும் மூக்கையும் சோப்பால் ஒரு தேய். மருந்துத் தண்ணீர் பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும், வீட்டில் கைக்குழந்தையோ சிகிச்சையில் இருப்பவரோ இருந்தால் வாரம் ஒருமுறை. அவர்கள் குடிக்கிற தண்ணீரை எப்படியும் கொதிக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும், கேன் தண்ணீரானாலும் சரி. தளதளவென்று கொதி வந்து ஒரு நிமிடம் நின்றால் போதும். ஊருக்குப் போய்விட்டு வந்தால் கேனில் மிச்சம் இருக்கிற தண்ணீரைக் குடிக்க வேண்டாம், பம்ப்பை முழுசாகக் கழுவிவிட்டுப் புதுக் கேன் போடுங்கள். இரண்டே பேர் இருக்கிற வீட்டில் இருபது லிட்டர் ஒரு வாரத்துக்கு மேல் நிற்கும். அவர்களுக்குச் சின்ன கேன் நல்லது, கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். கேனுக்குத் துணி உறை தைத்துப் போடுகிறவர்களைப் பார்த்து அலங்காரம் என்று நினைக்க வேண்டாம், வெளிச்சம் படாமல் இருந்தால் பாசி வராது, அந்த உறையையும் துவைக்க வேண்டும், அவ்வளவுதான்.

டியூபைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கை வைத்தாலே தெரியும்: சிலிக்கோன் டியூப் பால் நிறத்தில், மெத்தென்று, மடக்கினாலும் பழைய நிலைக்கு வந்துவிடும், கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் ஒன்றும் ஆகாது. பி.வி.சி. டியூப் கண்ணாடி மாதிரி தெளிவாக, விறைப்பாக, புதுசிலேயே பிளாஸ்டிக் வாசனை அடிக்கும், நாளாக ஆக மஞ்சளாகிவிடும். மலிவான பம்ப்களில் இதைத்தான் வைக்கிறார்கள். பழைய பம்ப் நன்றாக ஓடினால் தூக்கிப் போட வேண்டாம், உணவுத் தரச் சிலிக்கோன் டியூப் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது, பழைய டியூபில் ஒரு துண்டை எடுத்துப்போய் அளவு காட்டி வாங்கி மாட்டுங்கள். கீழ் நுனியைச் சாய்வாக வெட்டுங்கள். நேராக வெட்டினால் கேனின் அடியில் ஒட்டிக்கொண்டு தண்ணீர் ஏறாது, மோட்டார் வீணாகச் சூடாகும். வருடத்துக்கு ஒரு டியூப், ஒரு ரப்பர் வளையம், மொத்தமே ஒரு சில கேன் தண்ணீர் விலைதான் ஆகும்.

அலுவலகத்திலும் பள்ளிக்கூடத்திலும் இருக்கிற சூடு-குளிர் மெஷின்களை வீட்டு ஆட்கள் கழுவ முடியாது. அதில் உள்ளே ஒரு தொட்டி இருக்கிறது, பின்பக்கம் அடியில் தண்ணீரை வடிய விடுகிற மூடி ஒன்று இருக்கிறது, மின்சாரத்தை நிறுத்தி, சுடுதண்ணீர் நன்றாக ஆறிய பிறகுதான் அதைத் திறக்க வேண்டும். குளிர்ச்சியாக இருந்தால் கிருமி செத்துவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள், குளிர் கிருமியைக் கொல்லாது, வளர்ச்சியை மெதுவாக்கும், அவ்வளவே. தண்ணீர் பிடிக்கிற குழாயின் வாயை பாட்டிலின் வாய் தொடாமல் பிடிக்கிற பழக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். பராமரிப்பு யார் பொறுப்பு, கடைசியாக எந்தத் தேதியில் கழுவினார்கள் என்று மெஷினில் ஒரு அட்டை ஒட்டச் சொல்லி பெற்றோர் கேட்கலாம். லிப்டுக்குப் பராமரிப்புத் தேதி எழுதி வைக்கிறோம், ஏ.சி.க்கு எழுதி வைக்கிறோம், பிள்ளைகள் தினமும் வாய் வைக்கிற தண்ணீருக்கு எழுதினால் என்ன.

இவ்வளவும் வீட்டார் செய்ய வேண்டியவை, அவர்கள் செய்வார்கள் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது. வெண்கலப் பானையைப் புளி போட்டுத் தேய்த்து, குடத்தைத் தினமும் கவிழ்த்து வைத்து, தண்ணீருக்குள் கை படாமல் சொம்பால் மொண்ட வீடுகள் இவை. தெரிந்தால் செய்துவிடுவார்கள். தெரியப்படுத்த வேண்டியவர்கள்தான் செய்யவில்லை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் வந்த நாட்களில் கேனுக்கு நின்ற கூட்டம் எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் பக்கம் அந்தக் கோடைக்கு முன்னால் கேனே வாங்காத பல வீடுகளில் இன்று சமையலுக்கும் கேன்தான். இவ்வளவு வீடுகளில் இருக்கிற ஒரு சாமானைப் பற்றி அரசும் பேசவில்லை, விற்கிறவர்களும் பேசவில்லை.

2024 கடைசியில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாக்கெட், கேன் குடிநீரை அதிக ஆபத்துள்ள உணவு வகையில் சேர்த்தது. ஆலைகளை வருடா வருடம் ஆய்வு செய்வார்கள். நல்ல முடிவு. கேன் வாங்கும்போது அதன் லேபிளில் 14 இலக்க உரிம எண்ணும், நிரப்பிய தேதியும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அதிகாரிகள் மக்களிடம் கேட்டுக்கொள்கிறார்கள், அதுவும் நல்லது. அதே லேபிளில், அதே மூடியில், "திறக்கும் முன் கழுத்தைத் துடைக்கவும், பம்ப் டியூபை ஒவ்வொரு முறையும் கழுவவும்" என்று தமிழில் இரண்டு வரி அச்சடிக்கச் சொன்னால் ஆலைக்கு என்ன கூடுதல் செலவு? கேன் வாங்குகிற எல்லா வீட்டுக்கும் திரும்பத் திரும்பப் போகிற காகிதம் அது. இதைவிட நல்ல விளம்பரப் பலகை உணவுப் பாதுகாப்புத் துறைக்குக் கிடைக்காது.

பம்ப் விற்கிறவர்களிடம் கேட்பது மூன்று. கழுவுகிற முறையைத் தமிழில் அச்சடித்துப் பெட்டிக்குள் வையுங்கள். டியூப் எந்தப் பொருளால் செய்தது என்று பெட்டி மேலே எழுதுங்கள். டியூபும் வளையமும் தனியாக விற்பனைக்கு வையுங்கள், ஒரு ரப்பர் வளையத்துக்காக மொத்தப் பம்ப்பையும் குப்பையில் போட வைக்காதீர்கள், அந்தக் குப்பையில் லித்தியம் பேட்டரியும் சேர்ந்து போகிறது. எங்களைப் போலப் பழுது பார்க்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள், டியூபைக் கழற்றும்போது வாடிக்கையாளர் கண் முன்னால் கழற்றிக் காட்டுங்கள், நூறு பேச்சு பேசுவதைவிட அது நன்றாக ஏறும்.

ஆசிரியர் அவர்களே, கடிதம் நீளம் என்று தெரியும், இடம் இல்லையென்றால் பம்ப் எப்படி ஓடுகிறது என்ற பகுதியை வெட்டிக்கொள்ளுங்கள். ஆனால் முதலில் தேய்க்க வேண்டும் என்பதையும், லிட்டருக்கு 5 மில்லி என்ற அளவையும், வினிகரும் ஹைப்போவும் சேரக்கூடாது என்ற வரியையும் வெட்டாமல் போடுங்கள். அரைகுறையாகப் படித்துவிட்டு யாராவது இரண்டையும் ஒரே பக்கெட்டில் கலக்கிவிடக் கூடாது.

இப்படிக்கு,
பழுது பார்க்கும் கடைக்காரர்,
தாம்பரம்.